பட்டா இல்லாத தண்ணீர்

பெங்களூரில் வீடு வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'கத்தா'. ஏ கத்தாவா, பி கத்தாவா என்று விசாரிக்காமல் இந்த ஊரில் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கத்தா என்பது சொத்துவரிக் கணக்குதான், உரிமைப் பத்திரம் அல்ல என்று வக்கீல்கள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் நம் மனசு கேட்பதில்லை. தமிழ்நாட்டில் இதுவே பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. பெயர்கள் வேறு, கவலை ஒன்றுதான். காலுக்குக் கீழே உள்ள நிலம் நம்முடையது என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும். காகிதம் சொல்லாவிட்டால், தாத்தா காலத்திலிருந்து குடியிருந்தாலும் அது ஆக்கிரமிப்புதான்.

காலுக்குக் கீழே நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இது வேதாந்தக் கேள்வி அல்ல. மணிப்பூரில் லோக்தாக் என்றொரு ஏரி இருக்கிறது. தலைநகர் இம்பாலிலிருந்து தெற்கே மொய்ராங் செல்லும் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் போனால் வரும். வடகிழக்கு இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. பருவத்தையும் அளக்கும் முறையையும் பொறுத்து 250 முதல் 290 சதுர கிலோமீட்டர் வரை பரப்பு சொல்கிறார்கள். அந்த ஏரியின் மீது, கரையில் அல்ல, ஏரியின் மீதே, மீனவர்கள் வீடு கட்டி வாழ்கிறார்கள். வீடுகளைத் தாங்குவது மரத் தெப்பமோ படகோ அல்ல. புல்லும் நாணலும் வேரும் மட்கிய செடிகளும் மண்ணும் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிப்போன ஒரு மிதக்கும் படுகை. மெய்தெய் மொழியில் அதன் பெயர் பும்டி. சுருக்கமாக, பும்.

பும்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கிறவர்களின் நோய் இது. நம்மிடம் தண்ணீரில் மிதப்பவற்றுக்கு நல்ல சொற்கள் நிறைய உண்டு. புணை, தெப்பம், மிதவை, கட்டுமரம், பரிசல். ஆனால் எல்லாமே மனிதன் கட்டியவை. பும்டி யாரும் கட்டியதல்ல, தானாக வளர்ந்தது. அதற்கு உயிர் இருக்கிறது, பசிக்கிறது, உடம்பு இளைக்கிறது. சில இடங்களில் ஒரு சாண், சில இடங்களில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் அதன் கனம். பனிக்கட்டியைப் போல ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும். மிச்சம் நான்கு பங்கு உள்ளே.

2018 நவம்பரில் நான் அங்கே போனேன். அழைத்துச் சென்றவர் பெங்களூரில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர். 2012 ஆகஸ்டில் வதந்திகளுக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூர் ரயில் நிலையத்தில் குவிந்தார்களே, சிறப்பு ரயில்கள் விட்டு குவாஹாத்திக்கு அனுப்பி வைத்தார்களே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். "அங்கே ஏரியில் மீன் இல்லை, இங்கே வேலை இருக்கிறது" என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய அம்மா வசிப்பது சம்பு காங்போக் என்ற மிதக்கும் கிராமத்தில். காங்போக் என்றால் குடிசை.

கரையிலிருந்து ஒற்றைத் துடுப்புப் படகில் போக வேண்டும். ஒரு பெண் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரி முழுக்கப் பச்சை வளையல்களை இறைத்துப் போட்டதுபோல வட்டவட்டமாகத் தெரியும். அவைதான் அதாபும். பும்டியை நீளநீளமாக வெட்டி வட்டமாக வளைத்து நடுவில் மீனை அடைக்கும் வேலி. அவற்றைத் தாண்டினால் குடிசைகள். மூங்கில் சட்டம், நாணல் தட்டி, தகரம், நீல பிளாஸ்டிக் தார்ப்பாய். சில கூரைகளில் சோலார் பலகை. எல்லா வாசலிலும் ஒரு நாய்.

படகிலிருந்து இறங்கிக் கால் வைத்தபோது பாதம் ஒரு விரற்கடை கீழே போய் நின்றது. சுற்றிலும் தண்ணீர் கசிந்து மேலே வந்தது. ஈரப் பஞ்சு மெத்தை மீது நடப்பது மாதிரி. அந்தத் தாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அங்கே வயதில் மூத்த பெண்களை இமா என்று கூப்பிட வேண்டும், அம்மா என்று அர்த்தம். நமது அம்மாவுக்கும் இமாவுக்கும் மொழிக் குடும்ப உறவு ஏதும் கிடையாது. ஆனால் கூப்பிடும்போது வாய் தயங்கவில்லை.

இமா கறுப்புத் தேநீர் கொடுத்தார். அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டில் சின்ன மீன்கள் புகையில் காய்ந்துகொண்டிருந்தன. ஏரித் தண்ணீரையே படிகாரம் போட்டுத் தெளியவைத்துக் குடிக்கிறார்கள். காற்று பலமாக அடித்தால் வீடு நகர்ந்துவிடாமலிருக்கப் பெரிய மூங்கில்களைத் தரையில் ஊன்றிக் கட்டியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தோடு சண்டை வந்தால் மூங்கிலைப் பிடுங்கிவிட்டு வீட்டையே வேறு தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என்னைக் கேட்டார், மகன் இந்தியில் சொன்னார்:

"உங்கள் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?"

நான் நாலாவது மாடியில் குடியிருப்பதையும், கீழே இன்னொருவர் வீடு, அதற்கும் கீழே இன்னொன்று என்பதையும் சொன்னேன். இமாவுக்கு ஆச்சரியம். "அப்படியானால் நீங்களும் நிலத்தில் இல்லையே" என்றார். எனக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், எனக்குக் காகிதம் இருக்கிறது. அவருக்கு இல்லை.

அங்கிருந்துதான் கதை சிக்கலாகிறது.

லோக்தாக் பழைய ஏரி, அதில் மீன் பிடிப்பதும் பழைய தொழில். மொய்ராங்கின் புகழ்பெற்ற கம்பா - தோய்பி காதல் கதையிலேயே இந்த ஏரி வருகிறது. மீன்பிடிக் காலத்தில் பும்டி மீது சின்னக் குடிசை போட்டுத் தங்குவது வழக்கம். ஆனால் இத்தனை குடும்பங்கள் ஆண்டு முழுவதும் தண்ணீர் மீதே வாழத் தொடங்கியதற்கு வேறொரு காரணம் உண்டு. அதன் பெயர் இதாய் கதவணை. மணிப்பூர் ஆற்றின் குறுக்கே, லோக்தாக் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டு 1983ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஏரித் தண்ணீரை மேற்கு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லெய்மதாக் பள்ளத்தாக்குக்கு இறக்கி, மூன்று இயந்திரங்களில் 105 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள்.

மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இயந்திரம் ஓட வேண்டுமென்றால் ஏரியில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 768.5 மீட்டர் என்று அளவு வைத்துப் பராமரிக்கிறார்கள். அதற்கு முன்பு ஏரி மழைக்காலத்தில் பெருகும், கோடையில் வற்றும். வற்றும் நிலங்களில் நெல் விளைந்தது, மாடு மேய்ந்தது. கதவணை வந்த பிறகு அந்த விளிம்பு நிலங்கள் பல்லாயிரம் ஹெக்டேர் நிரந்தரமாக மூழ்கிவிட்டன. வயல் போனவர்கள் வலை எடுத்தார்கள். கரையில் இடமில்லாதவர்கள் பும்டிக்குப் போனார்கள். இமாவின் மாமனார் உழுதவர். கணவர் மீன் பிடித்தவர். மகன் பெங்களூரில் தட்டு ஏந்துகிறார். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையில் ஓர் அணையின் வரலாறு அடங்கிவிட்டது.

மீனுக்கும் அதே கதிதான். பெங்பா என்ற மீன் மணிப்பூரின் மாநில மீன். மியான்மரின் சிந்துவின் ஆற்றுப் பக்கமிருந்து எதிர்நீச்சல் போட்டு லோக்தாக்குக்கு முட்டையிட வரும். கதவணை வழியை அடைத்தது. பெங்பா ஏரியிலிருந்து காணாமல் போய், இப்போது பண்ணைக் குளங்களில் வளர்த்து விற்கப்படுகிறது.

எல்லாவற்றையும்விட விபரீதம் பும்டிக்கு நேர்ந்தது. முன்பு கோடையில் தண்ணீர் இறங்கும்போது பும்டியும் இறங்கி ஏரித் தரையில் உட்காரும். வேர்கள் சேற்றில் இறங்கிச் சத்தை உறிஞ்சும். மழை வந்ததும் மறுபடி மிதக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போய் நாலு நாள் சாப்பிட்டுத் தேறி வருவது மாதிரி. தண்ணீர் இறங்குவதே இல்லை என்றானதும் அந்தச் சாப்பாடு நின்றுபோனது. பும்டி மெலியத் தொடங்கியது. இமா ஒரு கழியை எடுத்துத் தன் வீட்டு வாசலில் குத்தி இறக்கிக் காட்டினார். அதிக நேரம் எடுக்காமலே கழி தண்ணீரைத் தொட்டுவிட்டது.

இதில் கவலைப்பட இன்னொரு ஜீவனும் இருக்கிறது. ஏரியின் தென்கிழக்கு மூலையில் கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்கா. 40 சதுர கிலோமீட்டர். மிதக்கும் படுகை மீது அமைந்த தேசியப் பூங்கா உலகில் வேறு கிடையாது. சங்காய் என்ற மான் இங்கே மட்டும்தான் காட்டில் வாழ்கிறது. 1951ல் அது அழிந்தே போய்விட்டதென்று எழுதிவிட்டார்கள். 1953ல் இ. பி. கீ என்ற இயற்கையியலாளர் சில மான்கள் மிச்சமிருப்பதைக் கண்டார். 1975ல் எண்ணியபோது இருந்தவை 14. 1977ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2016 கணக்கெடுப்பில் 260. இது வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து பெற்ற வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் மான் நிற்பதும் பும்டி மீதுதான். படுகை மெலிந்தால் குளம்பு உள்ளே போய்விடும். இமாவின் கழியும் சங்காயின் குளம்பும் சொல்வது ஒரே செய்தி.

இனி சட்டத்துக்கு வருவோம். லோக்தாக் 1990ல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. 1993லேயே, ஆபத்துக்குள்ளான இடங்களுக்கான மாந்த்ரோ பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏரியைக் காப்பாற்ற வேண்டுமென்ற அழுத்தம் கூடியது. 2006ல் மணிப்பூர் அரசு லோக்தாக் ஏரி பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. சுமார் 70 சதுர கிலோமீட்டர் மையப் பகுதி என்று வரையறுக்கப்பட்டது. அதற்குள் பும்டி மீது வீடு கட்டக் கூடாது, அதாபும் அமைக்கக் கூடாது.

2011 நவம்பரில் லோக்தாக் வளர்ச்சி ஆணையத்தின் ஆட்கள் போலீஸ் துணையோடு வந்தார்கள். நூற்றுக்கணக்கான குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. தண்ணீருக்கு நடுவே வீடு எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஹாவ்பம் பபன் குமார் என்ற மணிப்பூரி இயக்குநர் படமெடுத்திருக்கிறார். 'பும் ஷாங்' என்ற ஆவணப் படம் முதலில் வந்தது. பிறகு 2016ல் 'லோக்தாக் லைரெம்பீ' என்ற கதைப் படம், சுதிர் நாவோரைபமின் சிறுகதையைத் தழுவியது. வீடுகள் எரிந்த பிறகு பயத்திலேயே வாழும் ஒரு மீனவன் பும்டிக்குள் ஒரு துப்பாக்கியைக் கண்டெடுக்கிறான். அவ்வளவுதான் கதை. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான சிறந்த படம் என்று அதற்குத் தேசிய விருது கொடுத்தார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பின் பெயரால் எரிக்கப்பட்ட வீடுகளைப் பற்றிய படத்துக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விருது. இந்த நாட்டில் முரண்பாடுகளுக்குப் பஞ்சமில்லை.

எரித்த பிறகும் மக்கள் போகவில்லை. போக இடமில்லை. 2017ல் மீனவர் சங்கம் முயன்று மிதக்கும் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. வீடு எரிந்து படிப்பை நிறுத்திய குழந்தைகளுக்காக. 2022 ஜூலையில் ஆணையம் மீண்டும் ஒரு நோட்டீஸ் விட்டது, 15 நாட்களுக்குள் குடிசைகளையும் அதாபும்களையும் அகற்ற வேண்டுமென்று. மீனவர்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

அரசாங்கத் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. அதாபும்கள் பெருகினால் நீரோட்டம் தடைபடும். கழிப்பறை இல்லாத நூற்றுக்கணக்கான வீடுகள் குடிநீருக்கு நல்லதல்ல. பிளாஸ்டிக்கும் கிழிந்த நைலான் வலைகளும் பும்டியில் சிக்கிக் கிடப்பதை நானே பார்த்தேன். மீனவர்கள் புனிதர்கள் என்று எழுதி உங்கள் கண்ணைத் துடைக்க எனக்கு உத்தேசமில்லை.

ஆனால் குற்றப்பத்திரிகையில் வரிசை என்று ஒன்று இருக்கிறது. இம்பால் நகரின் கழிவை நம்புல் ஆறு சுமந்து வந்து இதே ஏரியில்தான் கொட்டுகிறது. நீர்மட்டத்தைக் கூட்டி வயல்களை மூழ்கடித்தது கதவணை. மீன் வழியை அடைத்தது கதவணை. பும்டியைப் பட்டினி போட்டதும் அதுவே. இந்தப் பட்டியலில் கடைசியில் வருபவர்கள் குடிசைவாசிகள். தண்டனையில் மட்டும் முதலில் வந்துவிடுகிறார்கள். கதவணைக்கு யாரும் 15 நாள் நோட்டீஸ் கொடுத்ததில்லை.

இது நமக்குப் புதிய காட்சியா? சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடிசைகளை அகற்றி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது சொன்ன காரணமும் நீர்நிலைப் பாதுகாப்புதான். நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது, அது ஆக்கிரமிப்பு அல்ல. பெங்களூரில் தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டாகிவிட்டது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகிவிட்டது. அவையும் ஆக்கிரமிப்பு அல்ல, வளர்ச்சி. ஆங்கிலத்திலிருந்து அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்த்து வருகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் எதுவாக இருந்தாலும், கோப்புகளில் அதன் பொருள் ஏழை.

இன்னொரு வேடிக்கை. பெங்களூரின் ஏரிகள் எந்தக் கதியில் இருக்கின்றன என்பது தெரிந்ததே. பெல்லந்தூர் ஏரி 2015லும் 2017லும் 2018லும் தீப்பிடித்து எரிந்து உலகச் செய்தியானது. இப்படிக் கெட்டுப்போன தண்ணீரைச் சுத்தப்படுத்த ஒரு நவீன உத்தி கண்டுபிடித்திருக்கிறார்கள். மூங்கில், பிளாஸ்டிக் குழாய் முதலியவற்றால் மிதவை செய்து அதன் மேல் வெட்டிவேர், கல்வாழை, கோரை நட்டு ஏரியில் மிதக்கவிடுவது. வேர்கள் கழிவுச் சத்துகளை உறிஞ்சிக்கொள்ளும். ஹெப்பகோடி ஏரியில் இதைச் செய்திருக்கிறார்கள், நல்ல காரியம். நாம் காசு கொடுத்துச் செயற்கையாகச் செய்வதை லோக்தாக் பல நூற்றாண்டுகளாக இலவசமாகச் செய்து வருகிறது. அங்கே கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரங்களைக் கொண்டு பும்டியை வாரிக் கொட்டினார்கள்.

வெளிநாடுகளில் இத்தகைய மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் பயனுள்ளது. பெரு நாட்டில் டிடிகாகா ஏரி, கடல் மட்டத்துக்கு மேல் 3,800 மீட்டர். அங்கே ஊரோஸ் என்ற பழங்குடியினர் தொத்தோரா என்னும் கோரையை அடுக்கி அடுக்கித் தீவு கட்டி வாழ்கிறார்கள். அடியில் உள்ளது அழுக அழுக மேலே புதுக் கோரை பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பூனோ என்ற ஊரிலிருந்து படகு படகாகச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அங்கே யாரும் குடிசையைக் கொளுத்துவதில்லை. ஆனால் பலருடைய பிழைப்பு மீனிலிருந்து காட்சிக்கு மாறிவிட்டது. வண்ண உடையில் வரவேற்று, பாட்டுப் பாடி, கைவினைப் பொருள் விற்கிறார்கள். அவர்களுடைய சொந்த மொழி எப்போதோ போய்விட்டது, பேசுவது ஐமாரா.

ஈராக்கின் தெற்குச் சதுப்பு நிலங்களில் நாணல் வீடுகளில் எருமை வளர்த்து வாழ்ந்த அரபு மக்களின் கதை கொடூரமானது. 1991 கிளர்ச்சிக்குப் பிறகு சதாம் உசேன் அரசு ஆறுகளைத் திருப்பிவிட்டுச் சதுப்பையே வற்றவைத்தது. கலகக்காரர்கள் ஒளிய இடமில்லாமல் செய்வது நோக்கம். 2003ல் சதாம் வீழ்ந்ததும் மக்களே கரைகளை உடைத்துத் தண்ணீரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். 2016ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தண்ணீரை வைத்து மக்களை விரட்ட ஒரே வழி அதை எடுத்துவிடுவது என்பதில்லை. அளவுக்கு மேல் நிரப்பியும் விரட்டலாம். லோக்தாக் அதற்கு உதாரணம்.

லோக்தாக்குக்கும் சுற்றுலாக் கனவு வராமலில்லை. 2020ல் அங்கே உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. சூழல் சுற்றுலா பற்றியும் பேச்சு நிறைய. மீனவர்கள் கேட்பது நியாயமாகவே படுகிறது: நாங்கள் வாழ்ந்தால் ஏரிக்குக் கேடு, பயணிகள் வந்து தங்கினால் கேடில்லையா? 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட இனக் கலவரம் இந்தக் கனவுகளைக் கலைத்தது. லோக்தாக் இருக்கும் பிஷ்ணுபூர் மாவட்டம் மோதலின் எல்லைக்கோடானது. பல மாதங்கள் இணையம் முடக்கப்பட்டது. பெங்களூரில் இருந்த அந்த இளைஞர் தினமும் பத்து முறை அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஏரியின் பிரச்சினை பற்றி அப்போது யாரும் பேசவில்லை. உயிர் மிஞ்சுமா என்றிருக்கும்போது நீர்மட்டம் யாருக்கு நினைவு வரும்?

தமிழர்களுக்கு மொய்ராங் அந்நிய ஊரல்ல. 1944 ஏப்ரல் 14 அன்று நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் இந்த மண்ணில் கொடியேற்றிய இடம் அது. மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டங்களை விட்டு அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அதே மணிப்பூரின் எல்லையில் மோரே என்ற ஊர். 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு, கப்பலில் தமிழ்நாடு வந்து, இங்கே வேர் பிடிக்காமல், நடந்தாவது பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பி, எல்லையில் மறிக்கப்பட்டு நின்ற தமிழர்கள் அங்கே ஒரு சமூகமாகவே வளர்ந்தார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். காகிதம் இல்லாத மனிதனின் நிலை என்ன என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு என்னதான் வழி? ஒடிசாவின் சிலிகா ஏரியும் 1993ல் லோக்தாக்கோடு அதே மாந்த்ரோ பட்டியலில் ஏறியதுதான். கடலோடு இருந்த தொடர்பு மணல் மூடித் தூர்ந்ததே நோய் என்று கண்டுபிடித்து, 2000ல் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உவர்ப்பு திரும்பியது, மீன் திரும்பியது. 2002ல் சிலிகா பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. லோக்தாக் இன்னும் அதில் இருக்கிறது. சிலிகாவில் தண்ணீருக்கு வைத்தியம் பார்த்தார்கள். லோக்தாக்கில் மனிதர்களுக்கு.

லோக்தாக்குக்கான மருந்தும் தெரியாததல்ல. கோடையில் சில வாரங்கள் கதவுகளைத் திறந்து, பும்டி தரை தொடும் அளவுக்கு நீர்மட்டத்தை இறக்க வேண்டும். அதனால் மின் உற்பத்தி கொஞ்சம் குறையும். குறையட்டும். இம்பாலின் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் நம்புலில் விடக் கூடாது. அதாபும்களுக்கு உச்சவரம்பு வைக்கலாம். யார் எங்கே எத்தனை என்பதை மீனவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

அது நடக்கிற காரியமா என்பவர்கள் பழவேற்காட்டைப் பார்க்கலாம். அந்தக் காயலில் 'பாடு' என்றொரு முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை கட்டும் உரிமை இன்னாருக்கு என்று குப்பத்து மீனவர்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக்கொள்வார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் சுற்றி வரும். பாட்டில் சேராத சமூகங்களுக்கு அதில் இடமில்லை என்ற குறை உண்டு. ஆனாலும் பட்டா இல்லாத தண்ணீரில் உரிமையும் ஒழுங்கும் இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. 2006ல், லோக்தாக் சட்டம் வந்த அதே ஆண்டில், நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. காடுகளில் பரம்பரையாக வாழ்கிறவர்களுக்கு அங்குள்ள நீர்நிலைகளின் மீன் மீது சமூக உரிமை உண்டென்று அது ஒப்புக்கொண்டது. காட்டுக்குள் இருக்கும் குளத்துக்கு ஒரு நீதி, காடில்லாத ஏரிக்கு வேறு நீதி என்பதை எந்த வக்கீலாலும் எனக்குப் புரியவைக்க முடியவில்லை.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலைமை சீராகி லோக்தாக்குக்குப் போகும் நாள் வந்தால் செந்திரா குன்றின் மேல் நின்று போட்டோ எடுப்பதோடு திரும்பிவிடாதீர்கள். படகு எடுத்து ஒரு குடிசைக்குப் போங்கள். மீன் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வராதீர்கள். முடிந்தால் இதாய் கதவணையையும் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் அங்கே கூட்டிப்போகமாட்டார், நீங்களாகத்தான் கேட்க வேண்டும். ஏரியில் பார்த்தது முழுக்க அந்தக் கதவுகளின் முன்னால் நிற்கும்போதுதான் புரியும்.